கதவைத் திறப்பது யார்?

மார்ச் 3
தம்பி அனுப்பிய டேப்லெட் வந்தது. விளக்கு, மின்விசிறி, வாசல் பூட்டு எல்லாம் இனி இதன் பேச்சைத்தான் கேட்குமாம். ஆளை ஏவிப் பூட்டை மாட்டவைத்து, மற்றதை வெளிநாட்டில் இருந்தபடியே முடித்துவிட்டான் துரை. அப்பாவைப் பார்க்க மட்டும் வர முடியாது.

அம்மா இறந்ததிலிருந்து அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே போகிறது. போன மாதம் கதவைத் திறந்துகொண்டு போய் நெடுஞ்சாலை நடுவில் நின்றார். லாரிக்காரன் மட்டும் பிரேக் போடாமலிருந்தால் – வேண்டாம். பூட்டுக்காகத்தான் இந்தச் சனியனை வீட்டுக்குள் விட்டேன்.

மார்ச் 6
நன்றாகத்தான் வேலை செய்கிறது. தம்பியிடம் சொல்ல மாட்டேன். சமையலறைக்கும் அப்பா அறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டே அலைகிறேன். கல்லூரிக்குக் கிளம்பும்போது கூடத்து மேசையில் வைத்துவிடுவேன். வாயால் சொன்னாலும் கேட்குமாம். நான் பேச்சுக் கொடுப்பதில்லை, விரலோடு சரி. கல்லூரியில் என்னை மிதித்துத் துறைத்தலைவரானவன்தான் இயந்திரத்தோடு கொஞ்சுவான்.

மார்ச் 9
பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா போன் செய்தார். நான் போன பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர் வருவது.

"சார், கதவு பப்பரப்பேன்னு கெடக்கு. பெரியவர் படியில உக்காந்திருக்காரு. பூட்டாமயா போனீங்க?"

பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன். சத்தியமாகப் பூட்டினேன்.

மார்ச் 10
எப்படித் திறந்தது என்று டேப்லெட்டில் தேடினேன். 'வீட்டின் உள்ளிருந்து' என்று காட்டுகிறது.

உள்ளே யார்? அப்பாவுக்குச் சட்டைப் பொத்தானே பிடிபடவில்லை. இதை அவர் தொடக்கூட மாட்டார். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பரணில் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில், கையில் துடைப்பக்கட்டையோடு.

பிறகுதான் உறைத்தது. தம்பியால் அங்கிருந்தே திறக்க முடியும். உள்ளிருந்து என்று காட்ட வைக்கவும் முடியாதா என்ன? அப்பாவை ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டை விற்கலாம் என்று ஆறு மாதமாக ஓதுகிறான். அண்ணன் லாயக்கில்லை என்று ஆக்கிவிட்டால் காரியம் முடிந்தது. அவனுக்கிருந்த அனுமதியை நீக்கினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தான்.

"என்னண்ணா, என்னைத் தூக்கிட்டியா?"

"ஆமாடா. உன் வண்டவாளமெல்லாம் தெரியும்."

அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 12
மறுபடியும்.

பேருந்து நிறுத்தத்தில் இருந்தாராம். மருந்துக்கடைக்காரர் கண்டு, பிடித்து உட்காரவைத்திருக்கிறார். ஏறியிருந்தால்?

தம்பியால் இனித் திறக்க முடியாது. அப்ப யாருடா? யாரு உள்ள இருக்கறது?

மார்ச் 13
விடுப்பு. கிளம்புவதுபோல் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் பின்கட்டு அறையில் ஒளிந்தேன். என் வீட்டில் நானே திருடன்போல. யாராவது வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

யாரும் வரவில்லை. அப்பாதான் எழுந்து வந்தார். சட்டை மாட்டியிருந்தார், பொத்தான்கள் ஏறுமாறாக. முப்பது வருடம் அலுவலகம் போன அதே நடை. கூடத்தில் நின்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"வரேன்மா."

டேப்லெட் ஒளிர்ந்தது. டிக். கதவு திறந்துகொண்டது.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். என்னைவிட அவர்தான் மிரண்டார்.

தம்பியை அழைத்தேன். இரண்டு கையிலும் பையோடு வாசலில் நிற்பேனே என்று, 'வரேன்' என்றால் திறக்கும்படி வைத்தானாம். அம்மாவிடம் 'வரேன்மா' என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் அப்பாவின் பழக்கத்தைச் சொன்னேன்.

"வர்றதுக்குன்னு வச்சேன்ணா," என்றான். "போறப்பவும் அதைத்தானே சொல்லுவோம். தோணலைண்ணா எனக்கு."

எனக்கும்தான் தோன்றவில்லை. தமிழ் வாத்தியார் நான். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சொல்லை அவனே எடுத்துவிட்டான்.

மார்ச் 14
இன்றும் போகவில்லை. மேசையருகே உட்கார்ந்திருந்தேன். நேரத்துக்கு வந்தார், சமையலறையைப் பார்த்துச் சொன்னார். கதவு அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னார். கைப்பிடியைப் பிடித்தபடி காத்து நின்றார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், யாரோ ஒருவனிடம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு:

"அவளுக்கு என்மேல என்னமோ கோவம். போகச்சொல்ல மாட்டேங்கறா."