மாப்ளே அடித்த பச்சை

மார்ச் 3, செவ்வாய்

மூக்கு லாரிக்குப் பச்சை அடித்து முடித்தாயிற்று. அந்தக் காலத்து வண்டி. மூக்கை நீட்டிக்கொண்டு, முட்டைக் கண்ணை விழித்துக்கொண்டு பட்டறை நடுவில் நிற்கிறது. யாரைப் பார்த்தாலும் முறைக்கிற முகம். அதனால் நான் வைத்த பெயர் மாமியார்.

காலையில் நுழைந்ததும், "என்ன மாப்ளே, மாமியாருக்கு மேக்கப் முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுது மச்சான். நீ போய் மூஞ்சில இருக்குற தூசியத் தட்டு" என்றான்.

தங்கச்சியை அவனுக்குக் கட்டிக்கொடுத்த வருஷத்திலிருந்து இதே கதைதான். அவன் அடிப்பான், நான் பின்னாலேயே தேய்ப்பேன். அவன் சமையல்காரன், நான் பாத்திரம் கழுவுகிறவன். இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

புதுப் பெயிண்டில் குறை இல்லாமல் இருக்காது. நாலு தூசி, ஒரு கொசு, எங்காவது பெயிண்ட் வழிந்த ஒரு வடிசல். ஆனால் இன்றைக்குக் கதவில் இருந்த வடிசல் மெழுகுவத்தி உருகினது போல இருந்தது. "மாமியார் அழுதிருக்காங்கடா" என்று கூப்பிட்டுக் காட்டினேன். வந்து பார்த்தான். "எங்க?" என்றான்.

விரலை வைத்துக் காட்டின பிறகுதான், "அட, ஆமா."

விளையாடுகிறான் என்று நினைத்தேன்.


மார்ச் 4, புதன்

வடிசலை பிளேடால் சீவி, கட்டையில் வாட்டர் பேப்பர், அதான் உப்புத்தாள், சுற்றித் தண்ணி விட்டுத் தேய்த்தேன். அவசரப்பட்டால் அடியில் பிரைமர் தெரிந்துவிடும். தூங்குகிற குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி தேய்க்க வேண்டும்.

வடிசல் பெரிய விஷயமில்லை. கையால் தடவினால் சில இடம் ரெண்டு நாள் தாடி மாதிரி சொரசொர என்கிறது. ட்யூப்லைட்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சைக்கு அடியில் சாம்பல் நிற பிரைமர் தெரிகிறது. அங்கே பெயிண்ட் விழவே இல்லை, பெயிண்ட் புகைதான் போய்ப் படிந்திருக்கிறது.

மாப்ளேயா இப்படி? கண்ணாடி மாதிரி அடிக்கிற கை.

"கம்ப்ரஸர்ல தண்ணி இறங்கியிருக்கும் மாப்ளே" என்றேன். "இருக்கும்" என்றான். எப்போதும் வருகிற கிண்டல் வரவில்லை.


மார்ச் 5, வியாழன்

கம்ப்ரஸரில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. ஸ்ப்ரே கன்னும் சுத்தம்.


மார்ச் 7, சனி

கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். வாசல் பக்கம் இருக்கிற மோசமான இடம் எல்லாம் வண்டியின் மூக்கை ஒட்டியே இருக்கிறது. மூக்குக்கு நேரே புகை இழுக்கிற ஃபேன். அதுதான் பெயிண்டை இழுத்திருக்கிறது! டீ குடிக்கும்போது எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

பிறகு வண்டியின் மறுபக்கம், சுவர் பக்கம் போய்த் தேய்க்க உட்கார்ந்தேன்.

அங்கே மூக்குப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. வால் பக்கம் சொரசொர.

ஒரே ஃபேன் ரெண்டு பக்கமும் இழுக்குமா?

மாப்ளே நின்ற இடத்தில் நானும் நின்றேன். கன் பிடித்த மாதிரி கையைத் தூக்கி ஓட்டிப் பார்த்தேன். சுற்றிப் போய் மறுபக்கமும் அப்படியே. இந்தப் பக்கம் மூக்கு, அந்தப் பக்கம் வால். அடிக்கிற ஆளுக்கு ரெண்டுமே இடது கை ஓரம். பானட்டிலும் அப்படித்தான், கதவிலும் அப்படித்தான். கை ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. இடது ஓரம் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பியிருக்கிறது.

அவனுக்கு அந்த ஓரம் தெரியல.

போன மாசம் ஷட்டர் கம்பியில் தோளை இடித்துக்கொண்டான். "காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்றேன். இடது பக்கம் வைத்த டீயைத் தட்டிவிட்டான். "மாப்ளே முறுக்கு இன்னும் போகல" என்றேன். பட்டறையே சிரித்தது. எல்லாம் நான் சொன்ன ஜோக்.


மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவனுக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசிக்கொண்டே கையை விரித்து ஆட்டினேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. தங்கச்சி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கொசுவா?" என்றாள்.

"ஆமா, உன் வீட்டுக் கொசு என்னை மாதிரியே ஓயாமப் பேசுது" என்றேன்.

நான் ஏன் சொல்லவில்லை? பட்டறை முதலாளி காதில் விழுந்தால் மறுநாளே வேறு ஆள் கன்னைப் பிடிப்பான். லாரிக்குச் சொந்தக்காரர் பேக்கரி வைத்திருக்கிறார், அவர் அப்பா ரொட்டி ஏற்றிப்போன வண்டி இது. அடுத்த வாரம் எடுத்துப்போய்ப் புதுக் கடை வாசலில் நிறுத்தப் போகிறார். அதுவரை எப்படியாவது சமாளித்துவிட்டால் போதும். வண்டி போகட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.


மார்ச் 10, செவ்வாய்

மாப்ளேயைப் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாங்க அனுப்பிவிட்டு, மெல்லிசாக இருந்த இடத்துக்கெல்லாம் சின்னக் கன்னால் நானே பச்சை அடித்தேன். நேற்றும் இதே வேலைதான். காய்ந்த இடத்தைத் தேய்த்து, காம்பவுண்ட் பசை போட்டு, மெஷினால் பாலிஷ். பழசும் புதுசும் சேர்கிற இடம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததே இல்லை.

முதலாளி வந்து தடவிப் பார்த்தார். "உன் மாப்பிள்ளைக்குத் தங்கக் கைப்பா."

"தங்கம்னா அடகு வெச்சிருப்பானே முதலாளி" என்றேன்.

அவர் போன பிறகு மாப்ளே வண்டியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன மச்சான். கொஞ்ச நாளா பயமா இருந்துச்சு. கண்ணு ஒரு மாதிரி இருக்கு, தலையும் வலிக்குது. கை போயிடுச்சோன்னு நெனச்சேன். இந்த வண்டி சரியா வரலைன்னா டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தேன்."

"போயேன். போனா என்ன?"

"எதுக்கு? பாரு, எப்படி ஜொலிக்குது!"

பாலிஷ் மெஷினைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் யாரும் பேச வேண்டியதில்லை.


மார்ச் 11, புதன்

இன்று சொல்லிவிடலாம் என்று போனேன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பாடிக்கொண்டிருந்தான். சொல்லல.


மார்ச் 12, வியாழன்

ஐயோ என்ன பண்ணிட்டேன்.

தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்து பைக்கில் கடைக்குப் போயிருக்கிறான். இடது ஓரமாக நின்றிருந்த தள்ளுவண்டியில் மோதியிருக்கிறான். அவனுக்குச் சிராய்ப்பு. அவளுக்கு முழங்கால் நொறுங்கிப் போச்சு.

"எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல மச்சான்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். அது எங்கிருந்தும் வரலடா. அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்துச்சு.

அவன் கண் விஷயத்தைத் தங்கச்சியிடம் சொன்னேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தியே."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.


மார்ச் 13, வெள்ளி

மாப்ளேயிடமும் சொன்னேன். நம்பவில்லை. "கண்ணு தெரியாதவனா அந்த வண்டிய அடிச்சான்?" என்று கத்தினான். காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? ஒவ்வொரு குறையையும் நானே தேய்த்து எடுத்துவிட்டேனே.

மூலையில் பிரைமரோடு கிடந்த பழைய கதவு ஒன்றைத் தூக்கி நிறுத்தினேன். "அடி" என்றேன். அடித்தான். அழகாகத்தான் அடித்தான். தள்ளி நின்று, "எப்படி?" என்றான்.

அவன் தோளைப் பிடித்து நகர்த்தி, கதவின் இடது ஓரம் அவனுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி நிறுத்தினேன்.

ஒரு சாண் அகலத்துக்குக் கதவு சாம்பலாகவே இருந்தது.

கிட்டே போய் அந்தச் சாம்பலை விரலால் தொட்டான். "லாரியும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ம்."

கன்னைக் கழற்றினான். தின்னர் ஊற்றிக் கழுவினான். துணியால் துடைத்து ஆணியில் மாட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "என்ன மச்சான், இதையும் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடுவியா?" என்றான்.

கதவை அந்தச் சாம்பல் ஓரத்தோடு அப்படியே மூலையில் சாய்த்து வைத்தேன்.


மார்ச் 16, திங்கள்

மாப்ளேயின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பின்பக்கம், வலது ஓரத்தில் கட்டி. கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம், கண் பார்ப்பதை மூளை வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் கட்டி அழுத்துகிறதாம். திறந்து எடுக்க வேண்டும். முழுசாக எடுக்க முடியுமா என்று திறந்தால்தான் தெரியுமாம்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். எத்தனை நாள் முன்னாடி என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஒரு வாரத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடுவேன். ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டால்?


மார்ச் 17, செவ்வாய்

பேக்கரிக்காரர் வண்டியை எடுத்துப் போனார். கதவில் கன்னத்தை வைத்து அழுதார். "எங்கப்பா ஓட்டினப்ப இருந்த அதே பச்சை. யாருங்க அடிச்சது?"

"என் மாப்பிள்ளை" என்றேன். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பதைச் சொல்லவில்லை.


ஏப்ரல் 2, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் உள்ளேயே இருக்கிறதாம், எடுத்தால் ஆபத்தாம். இடது பக்கப் பார்வை இனித் திரும்பாது.

தங்கச்சி கட்டுப்போட்ட காலோடு வந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த டீயைத் தொடவில்லை.


ஏப்ரல் 20, திங்கள்

புது ஆள் வந்திருக்கிறான். சுமாராக அடிக்கிறான். அவனை ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. குறை தெரிந்தால் கூப்பிட்டு அவனையே பார்க்க வைக்கிறேன். பிறகுதான் தண்ணியில் பேப்பரை நனைக்கிறேன். "என்னண்ணே, நீங்க பெரிய ஜோக்கர்னு சொன்னாங்க?" என்று கேட்டான்.


மே 10, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மாப்ளேயின் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. தங்கச்சி கம்பை ஊன்றி நடக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவனுக்கும் எனக்கும் தட்டு வைத்தாள்.

அவன் மெதுவாகச் சாப்பிட்டான். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "போதும்" என்றான். தட்டில் கோடு கிழித்த மாதிரி வலது பாதி காலி. இடது பாதியில் சோறும் குழம்பும் வைத்தது வைத்தபடி இருந்தது.

என் வாயில் என்னவோ ஜோக் வந்தது. விழுங்கினேன்.

தங்கச்சி கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, அவன் தட்டை மெல்லத் திருப்பி வைத்தாள்.

"அட, இன்னும் இருக்கா? எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?"

"ஒளிக்கல. இங்கதான் இருந்துச்சு. சாப்பிடுங்க."

அவன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து, நான் தொடாமல் வைத்திருந்த தட்டைப் பார்த்தாள்.

"நீயும் சாப்பிடுண்ணே" என்றாள்.