மாமன் மடிக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர்

பூம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சக்திவேலுக்கு அப்பா எழுதுவது. வேலப்பர் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு எரிச்சல் ஒன்றுதான் அடங்கவில்லை, ஆக்லாந்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துகிறேன் என்று உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் தாளில் எழுதி, உன் தங்கச்சி நதியாவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பூண்டு இந்த முறை பரவாயில்லை, காட்டுமாடு இறங்கி மேல்தட்டு வயலை மட்டும் மிதித்துவிட்டது.

நீ அனுப்பிய டிக்கெட் விவரம் பார்த்தேன். நதியா மகளுக்குக் காது குத்த மறுபடியும் மே மாதமே வருகிறாயாம். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் பத்தரை மணி நேரம், அங்கிருந்து மதுரை நாலு மணி நேரம், மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நடுவில் காத்திருப்பது போன தடவையைவிட இரண்டு மணி நேரம் குறைவு என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஏலே, உன் கணக்கு மதுரையில் சக்கரம் தரையைத் தொட்டதும் முடிந்துவிடுகிறது. போன வருஷம் என்ன நடந்தது என்று மறந்துவிட்டதா? எறங்கிட்டேம்ப்பா, வெரசா வந்துருவேன் என்று போன் செய்தாய். இங்கே வேலப்பர் கோயிலில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, மலை ஏறும் வழியில் பெருமாள்மலையில் சுற்றுலா சீசன் கூட்டத்தில் உன் கார் அசையாமல் நின்றது. நேரம் போயிருச்சுங்க என்று ஆசாரி எழுந்துவிட்டார். நம்ம மாப்பிள்ளை அஜித்குமாரின் சித்தப்பா மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார்கள், எங்கண்ணன் மடியில இல்லாட்டி எம்பிள்ளைக்குக் காதே குத்த வேணாம் என்று நதியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் விருந்து முடிந்து பிரியாணி அண்டாவைக் கழுவும்போது சீர்த்தட்டோடு நீ வந்து நின்றாய். மறுநாள் அஷ்டமி, அதற்கடுத்த நாள் உனக்குத் திரும்ப ஃபிளைட்.

இந்தத் தடவை விமானம் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தால் பெருமாள்மலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்பாய், அவ்வளவுதான். ஐப்பசியில் வா என்றால் லீவு இல்லை, நாலு நாள் முன்னாலேயே வா என்றால் அதற்கும் லீவு இல்லை. இங்கே சம்பந்தியம்மா முகத்துக்கு நேராகவே கேட்கிறார், ஒரு மாமன் மடிக்கு எத்தனை வருசம்ங்க காத்துக் கெடக்குறது, பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசாச்சே என்று. இந்த மேயும் தப்பினால் அவர்கள் வீட்டு ஆள் மடியில் குத்திவிடுவார்கள். நதியா அடுப்படியில் அழுகிறாள். நீ அங்கே கிலோமீட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

அதனால் நானே முடிவு செய்துவிட்டேன், உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை. நீ மலை ஏறவே வேண்டாம். நீ இறங்குகிற அன்று காலையில் நல்ல நேரம் இருக்கிறது. முந்தின நாளே பாப்பா, ஆசாரி, சம்பந்தி வீட்டார், எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மதுரைக்கு இறங்கிவிடுகிறோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இல்லாமலா போகும்? வேலப்பர் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், அவருக்கும் சீசன் கூட்டம் தெரியும்.

உனக்கும் மருமகளுக்கும் எல்லா நலமும் கிடைக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே. பேன்ட்டோடு மடியில் வைக்கக் கூடாது, வேட்டி வேண்டும். அதைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. பெட்டி வரும்வரை காத்திருக்க இனி எங்களால் ஆகாது.

உன் அப்பா,
கந்தவேல்