அனைத்தையும் என்று எழுதிய அப்பா

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன், முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன், படித்ததும் அழித்துவிடு.

நீ பிரசவத்துக்கு வரும்போது தனி அறை இருக்கட்டும் என்று பின்பக்கம் கட்ட ஆரம்பித்தோமே, இரண்டு மாதத்தில் முடிக்கிறேன் என்ற கான்ட்ராக்டர் ஐந்து மாதம் இழுத்தடித்து இப்போதுதான் கூரைத் தளம் போட்டார். எப்போது கேட்டாலும் "நாளைக்கு ஆளு வந்துரும்மா" என்பார், அந்த நாளைக்கு எந்தக் காலண்டரிலும் இல்லை. தளம் போட்ட மறுநாளே மறுபடி ஆளைக் காணோம். பழுதான கலவை மிஷினும் காலி சாக்கும் உடைந்த சட்டியும் மட்டும் கிடந்தன. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் கடிதம் வரைந்த கை சும்மா இருக்குமா? "தங்களுக்குச் சொந்தமான பொருட்கள் அனைத்தையும் ஐந்து தினங்களுக்குள் அப்புறப்படுத்திக்கொள்ளவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலும் எடுத்துக்கொண்டு, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். அப்பா நினைத்தது மிஷினையும் சட்டியையும்தான். அந்தத் தளத்தைத் தாங்கி நிற்கிற முட்டுக் கம்பங்களும் கான்ட்ராக்டருடையவைதானே, அது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

இன்று காலை கான்ட்ராக்டர் வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது, சிரித்துக்கொண்டே சொன்னார், "ஐயாவே அனைத்தையும்னு எழுதிக் கொடுத்துட்டாரு, நாளைக்குப் பத்து மணிக்கு ஆளோட வந்து முட்டுக் கம்பத்தையெல்லாம் கழட்டிக்கிறேன், அப்புறம் என்ன ஆனாலும் என்னைக் கேக்காதீங்க" என்று. தளம் போட்டு இன்றைக்கு ஒன்பதாம் நாள். மேஸ்திரியைத் தேடிப்போய்க் கேட்டேன், "இருவத்தோரு நாளாவது நிக்கணும்மா, இப்ப எடுத்தா அடியில யாரும் நிக்காதீங்க" என்றார். முட்டு நீங்கலாக என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "என் டிராஃப்ட்ல ஒரு அதிகாரிகூட திருத்தம் போட்டதில்ல" என்கிறார். தப்பு என்று அவருக்குத் தெரிகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக நாற்காலியைக் கொண்டுபோய் அந்தத் தளத்துக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "மனுஷன் உக்காந்திருக்கும்போது எவன் கை வைப்பான்னு பாக்கறேன்" என்கிறார், நாளைக்கும் அங்கேதானாம். தளம் சுவருக்கு வெளியேயும் நீண்டிருக்கிறது, அந்தப் பக்கம் நின்று கம்பத்தைத் தட்டுகிறவனுக்கு உள்ளே இவர் இருப்பது எப்படித் தெரியும்?

நான் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. உன் எட்டாம் வகுப்புக் கணக்கு மார்க்குக்கு அப்பா கையெழுத்தை நானே போட்டேன் இல்லையா, அதே கையெழுத்தைப் போட்டு ஒரு திருத்தம் எழுதி மத்தியானம் கான்ட்ராக்டரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஐயா வந்து அவர் வாயால் சொல்லட்டும் என்கிறார். இவரா போய்ச் சொல்வார்!

நீங்களும் அங்கே வீடு கட்டப் போவதாகச் சொன்னாய், கோபம் தணிகிறவரை யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்காதே, மாப்பிள்ளையையும் எழுத விடாதே. இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதே. குறையொன்றும் இல்லாமல் குழந்தையும் நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து நீங்கள் எல்லோரும் வாழ வேண்டும்.

நாளைக்கு, எங்கள் நேரத்துக்குப் பத்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அப்பாவுக்குப் போன் பண்ணு. பின்பக்கம் உன் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று எப்போதும் தெருவாசலுக்கு வந்துதான் பேசுவார். குழந்தை உதைக்கிறது என்று சொல், என்ன பெயர் வைக்கலாம் என்று கேள், எதையாவது பேசிக்கொண்டே இரு. கூரை போனால் போகட்டும். நான் போதும் என்று சொல்கிறவரை போனை வைத்துவிடாதே.

உன் அம்மா