அண்ணன் அடித்த நீலம்

கீரிப்பாறை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்.

அன்பு மகள் ஸ்மைலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, அதற்காகவே காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். எங்கள் சுகத்தைப் பாதி சுகம் என்று வைத்துக்கொள். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் வாயெடுத்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்ல? அங்கே உன்னோடு இருக்கிற லீமா லீவு முடிந்து டப்ளினுக்குத் திரும்புகிறாள், ஏத்தங்காய் சிப்ஸோடு இதையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணனின் ஜீப்புக்குப் பெயின்ட் அடிப்பதா பவுடர் கோட்டிங் போடுவதா என்று இங்கே பேச்சு வந்தபோது, நீ குடும்ப குரூப்பில் பவுடர் கோட்டிங்தான் நல்லது என்று போட்டாயே, அதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை மக்ளே, உனக்கு இங்கே நடந்தது தெரியாது. அண்ணன் ஜெப்சன் நம்மைவிட்டுப் போனபிறகு அந்த வண்டி ஒரு இடவப்பாதி மழைக்காலம் முழுக்க ரப்பர் மரத்துக்குக் கீழேயே கிடந்தது. கிராம்பு பறிக்கிற பெண்களை அவன் ஏற்றிப்போனது மாதிரி நானும் மாறாமலைக்கு ஏற்றிப்போவேன் என்று அவன் மனைவி ஷிபா சொன்னாள். உன் மைனி வண்டி ஓட்டுவாள் என்பது உனக்குத் தெரியும், அவனே கூட இருந்து மலையில் ஓட்டவைத்துப் பழக்கினான். அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞானசிங் தன் ஒர்க்‌ஷாப்பில் மேல்கூட்டைத் தூக்கிவைத்துவிட்டு, கீழே கிடக்கிற இரும்புச் சட்டம் நெடுகத் துரு இருக்கிறது, இதை இப்படியே விடக்கூடாது என்றார். பவுடர் கோட்டிங் என்றால் பழைய பெயின்ட் ஒரு பொட்டு இல்லாமல் மணலடித்து எடுத்துவிட்டு, பொடியைத் தூவி, சூளையில் வைத்து உருக்கித் தோல்போலப் படியவைப்பார்களாம். ஷிபா அதுதான் வேண்டும் என்றாள். அப்பாவோ, ஏற்கெனவே இருக்கிற பெயின்ட்டுக்கு மேலேயே இன்னொரு கோட் அடித்தால் போதும் என்றார்கள். அந்த நீலம் அண்ணன் அடித்தது. குளச்சலில் வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ட்டை வாங்கிவந்து, தண்ணியில கெடக்கிய வள்ளத்துக்கே ஒண்ணும் ஆவல்ல, இதுக்கு என்ன ஆவும் என்று சொல்லிக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து அடித்தான். பிரஷ்ஷின் மயிர் இரண்டு மூன்று அதில் ஒட்டியிருந்தது, காயுமுன் தொட்டுப்பார்த்த பெருவிரல் அடையாளமும் ஓரிடத்தில் இருந்தது. அப்பா தினமும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அது வெடித்தது. அவன் கையால அடிச்சத செரண்டி எறிய ஒனக்கு எப்பிடி மனசு வருது என்று அப்பா கேட்டுவிட்டார்கள். ஷிபா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எனக்கு ஆசையா மாமா, பெறத்த சீட்டுல ஏறி இருக்கியது மனுசராக்கும், மலையில வச்சு சட்டம் ஒடிஞ்சா அந்த வீடுகளுக்கு ஆரு பதில் சொல்லுவா என்றாள். மறுநாள் அவள் அருமனைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் உன்னிடம் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றுதான் சொன்னேன்.

அவள் இல்லாத நேரத்தில் அப்பா நீலப் பெயின்ட் ஒரு டின் வாங்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்த் தாமே அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஞானசிங் எனக்குப் போன் செய்தார், நான் ஷிபாவைக் கூப்பிட்டேன், அவள் பஸ்ஸைப் பிடித்து நேரே அங்கே வந்துவிட்டாள், நானும் போனேன். நாங்கள் நுழையும்போது அப்பா, புதுப் பெயின்ட் பிடிக்கட்டும் என்று, சட்டத்தில் பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுத்திச் சுரண்டியதில் தகடு பொத்துக்கொண்டு கை உள்ளே போனது. உளுத்த மரத்திலிருந்து கொட்டுவதுபோல ஈரத்துரு கொட்டியது. மேலே நீலம் நன்றாகத்தான் பளபளத்தது மக்ளே, உள்ளே ஒன்றும் இல்லை. அப்பா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு, அவனுக்கும் இப்பிடித்தானே இருந்துது, வெளிய ஒண்ணும் தெரியல்லியே என்றார்கள். எலிக்காய்ச்சலோடு அவன் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்ததும் அதற்குள் சிறுநீரகம் போய்விட்டதும் எனக்கு அப்போதுதான் நடப்பதுபோல இருந்தது. ஷிபா குத்தவைத்து, தகடு கைய வெட்டிரும் மாமா, எடுங்க என்று சொல்லி அந்த விரலைப் பிடித்து வெளியே எடுத்தாள். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து அழுதார்கள். கொஞ்சம் கழித்து அப்பாவே, மணலடிக்க கொண்டுபோங்க என்றார்கள்.

நீலம் எல்லாம் போய்விட்டது. உளுத்த இடங்களை ஞானசிங் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். பிறகு ஷிபா அவரிடம் நின்று நிதானமாகக் கேட்டாள். அதற்கு அவர், பவுடர் கோட்டிங் நல்ல உறுதிதான், ஆனால் மலைப்பாதையில் கல்பட்டுத் தெறித்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், தோலுக்கடியில் துரு ஓடுவது தெரியாது, மறுபடி வெல்டிங் வைக்கவும் அதைச் சுரண்டத்தான் வேண்டும், பெயின்ட் அவ்வளவு உறுதி இல்லை, ஆனால் பட்ட இடத்தில் அன்றைக்கே பிரஷ்ஷால் தொட்டுவிடலாம், ரோட்டோடு ஓடுகிற வண்டி என்றால் பவுடர் கோட்டிங்கே சொல்வேன் என்றார். அவள் யோசித்துவிட்டு, நல்ல ப்ரைமர் போட்டுப் பெயின்ட் அடியுங்க, எனக்குக் கண்ணால பாக்கணும் என்றாள். அப்பாவைச் சமாதானப்படுத்தச் சொன்னது இல்லை அது, அவள் முகத்தில் தெரிந்தது. அன்று சாப்பிடும்போது என்ன நிறம் அடிக்கட்டும் மாமா என்று கேட்டாள். நீலம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, நீலம் வேண்டாம், வெளிறின சாம்பல் அடிக்கச் சொல்லு, விரிசல் விழுந்தா ஒடனே தெரியும் என்றார்கள். சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து கை கழுவிவிட்டார்கள்.

வண்டி இப்போது வீட்டு முற்றத்தில் நிற்கிறது. அப்பா இதுவரை அதன் பக்கத்தில் போகவில்லை. பிரஷர் மாத்திரையைக் கையில் கொடுத்தால் விழுங்குகிறார்கள், இல்லையென்றால் இல்லை. ஐப்பசித் துலாமழை விட்டு விட்டுப் பெய்கிறது, மலைப்பாதையில் மண் இடிந்திருக்கிறது என்கிறார்கள், கிராம்பு பறிப்பு தொடங்கினால் ஷிபா போய்விடுவாள். மழைக்குப் போகாதே என்றால் சரி மாமி என்கிறாள், அந்தச் சரியை நான் நம்பவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மனசு எப்படி அடங்கும் சொல். நீ ஸ்பீக்கரில் ஜீப்பைப் பற்றி ஒன்றும் கேட்காதே. ஷிபாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு, புத்தி சொல்லாதே, அவள் பேசுவதைக் கேள், அவளுக்கு நம்மைவிட்டால் யாரிடம் அவனைப் பற்றிப் பேச முடியும்.

நீ நைட் டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் போடு. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார், உங்கள் இருவரையும் பெருகப்பண்ணுவார். அப்பா இப்போது வந்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார்கள், ஸ்மைலினுக்கு என்றேன். நான் நல்லா இருக்கியேன், வெசனப்படாண்டாம்னு எழுது என்றார்கள். சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நீ கிறிஸ்மஸுக்கு எப்படியாவது லீவு கேள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா செல்லபாய் ராஜையன்