படுதாவில் நின்ற பெண்பிள்ளை

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
14-8-1958

அன்பு மனைவி அல்போன்சம்மாளுக்கு சவரிநாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நல்ல சுகம். உன் பல்வலி தேவலையா? மகள் செசிலி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போட்டோ ஸ்டூடியோவில் ஆட்களுக்குப் பின்னால் தொங்குகிற படுதாவில் படம் வரைவதுதான் என் வேலை என்று முன்பே எழுதியிருந்தேன். போன மாதம் முதலாளி மாளிகையும் படிக்கட்டும் வரையச் சொன்னார். என் கை கனவில் கண்டதை வரைந்துவிட்டது. நம் கிணற்றுக்குள் ஒரு கப்பல், நடுக்கடலில் நம் வீட்டு வாசல், வாசலில் செசிலி.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. துறைமுகத்தில் வேலை பார்க்கும் வேலாயுதம் அண்ணன் மட்டும் தன் போட்டோவைக் கையில் வாங்கியதும், இந்த ஊர்க்காரர்கள் மாதிரி 'லா' சேர்த்துச் சத்தம் போட்டார்.

"இத ஊருக்கு அனுப்பினா, பக்கத்துல நிக்கிற புள்ள யாருன்னு என் பொண்டாட்டி கேக்க மாட்டாளா? இங்க இன்னொரு குடும்பம் வச்சிருக்கேன்னு நினைப்பா லா!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதலாளி சொன்னபடி, செசிலியின் மேல் ஒரு வாழைக்கன்றை வரைந்து மறைத்துவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் நான் கப்பலேறிய அன்று அவள் இருந்த உயரம்தான் அந்தக் கன்றும்.

நீ ஒரு காரியம் செய். அவளைக் கதவோரம் நிற்க வைத்து, உச்சியிலிருந்து பாதம் வரை நூல் பிடித்து அறுத்து, கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. கவுன் எடுக்க அளவு வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். நூலை மறந்துவிடாதே. வாழையையும் வளர்க்க வேண்டும்.

சவரிநாதன்