பேரி மரத்தில் காய்த்த டூரிஸ்ட்டுகள்

இன்று காலை பின்கதவைத் திறந்ததும் பேரிக்காய் வாசம் குப்பென்று அடித்தது. ஜூலை வந்துவிட்டது, வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று உடனே நினைத்தேன். பேரிக்காயை மோந்து பார்த்தால் வருமான வரி ஞாபகத்துக்கு வருகிற ஒரே பொம்பளை இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன். எல்லாம் உன்னால் வந்த வினை.

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகிறது. உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன், போ.

பெருமாள்மலையில் அந்த பேக்கரிக்கு மேலே உன் ஆபீஸ். ஆபீஸ் என்று நீதான் சொல்வாய்; ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். ஜீப் ஓட்டுகிறவர், வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறவர், காட்டுக்குள் டூரிஸ்ட்டைக் கூட்டிப்போகிற கைடு, எல்லாரும் வரிக் கணக்குக்கு உன்னிடம்தான் வருவார்கள். நானும் வந்தேன். ஒரே பெஞ்சில் படித்தவளிடம் போகாமல் வேறு எங்கே போவேன்?

வட்டக்கானலில் வாடகைக்கு எடுத்த வீட்டில் மூன்று ரூம் விட்டுக்கொண்டிருந்தேன். சீசனில் பேரி மரங்களுக்கு நடுவே நாலு டெண்ட்டும் போடுவேன். சாப்பாடும் என் கையால்தான். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கணக்குக் கொடுக்கிற அளவுக்கு நல்ல வருமானம். மொத்தத்தையும் ஒரு சீட்டில் எழுதி, பக்கத்தில் 'விவசாயம்' என்று போட்டு உன்னிடம் நீட்டினேன். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது அல்லவா? எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாய்.

"என்னடி இது?"

"டெண்ட்டு தோட்டத்துலதான கெடக்கு? அப்ப அது தோட்டத்து வருமானம்தான?"

"ஏண்டி, ஒங்க பேரி மரத்துல டூரிஸ்ட்டா காய்க்குது?"

அடுத்த நாற்காலியில் இருந்த ஜீப்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நீ சிரிக்காமல் நிதானமாகத்தான் சொன்னாய்: "பேரிக்கா வித்தது மட்டும் விவசாயம். ரூம், டெண்ட்டு, சாப்பாடு எல்லாம் ஒன் தொழில். பேங்க் வட்டி இதர வருமானம். பொய்யான கணக்க நான் அடிக்க மாட்டேன். அடிச்சா ஒனக்குத்தான் கேடு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். சாகும்வரை மறந்திருக்க மாட்டாய். "நாலு காசு நான் பாத்துட்டேன்னு ஒனக்கு வயித்தெரிச்சல்" என்றேன். அந்த ஜீப்காரர் முன்னாலேயே. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். நான் தடதடவென்று படியிறங்கிவிட்டேன்.

டவுனில் வேறொருவர் பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் விவசாயம் என்று அடித்துக் கொடுத்தார். அடுத்த வருஷமும் அவரேதான். இரண்டு வருஷம் நாம் பேசவில்லை. ஒரு தடவை நீ அட்டுவம்பட்டியில் பஸ் ஏறினாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி, பார்க்க ஒன்றுமே இல்லை.

பிறகுதான் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து போன் பண்ணினார். வீட்டை விற்கப் போகிறாராம். மூன்று மாசத்துக்குள் நான் வாங்கிக்கொண்டால் சரி, இல்லையென்றால் ரிசார்ட் கட்டக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். அந்த வீடு போனால் என் பிழைப்பும் போச்சு. பேங்குக்கு ஓடினேன். மேனேஜர் என் கணக்குகளைப் புரட்டிவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "இதுப்படி நீங்க பேரிக்கா விக்கிறவங்கம்மா. ரூம் விட்டு நடத்துறீங்கன்னு எதுலயுமே இல்லையே. எத வச்சு நான் லோன் குடுக்க?"

பன்னிரண்டு வருஷம். வெள்ளனே எழுந்து வெந்நீர் போட்டு, மழைக் குளிரில் காயாத பெட்ஷீட்டை அடுப்பங்கரையில் உலர்த்தி, இருபது பேருக்குச் சப்பாத்தி உருட்டி... அத்தனையும் இல்லவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெட்கங்கெட்டுப்போய் உன் படியேறினேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "வா. சாப்ட்டியா?" அவ்வளவுதான். அன்றே சொல்லவில்லையா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கெஸ்ட் ரிஜிஸ்டர் இருக்கா? போன்ல பணம் வந்தது, டயரி, சிலிண்டர் பில்லு, எல்லாத்தையும் அள்ளிட்டு வெரசா வா. பழச இப்பவும் திருத்திக் குடுக்கலாம். வரிக்கு மேல கூடுதலா கட்டணும். வலிக்கும். பரவால்லயா?"

கீழே பேக்கரியில் பன் அடுக்குகிற தட்டு மூன்றை வாங்கி வந்து வரிசையாக வைத்தாய். ஒன்று தொழில், ஒன்று விவசாயம், ஒன்று இதர வருமானம். ஒவ்வொரு சீட்டாக என் கையாலேயே போட வைத்தாய். சினிமா எடுக்கிறவர்கள் முற்றத்தை ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை நைசாக மடித்து முந்தானையில் செருகப் போனேன். நீ தலைகூட நிமிரவில்லை. "அதையும் தட்டுல போடு தாயே" என்றாய். எட்டு நாள் உன் சோலி அத்தனையும் கெட்டது. தொழில் தட்டு நிரம்பி வழிந்தபோது, "பாத்தியா, நீ எவ்வளவு பெரிய ஆளுன்னு" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூடுதல் வரி கட்ட என் வளையல் போனது. பேங்குக்கு நீயும் கூட வந்தாய். "ஏன் திருத்துனீங்க?" என்று மேனேஜர் கேட்டார். நீ பட்டென்று சொன்னாய்: "தப்பா போட்டிருந்தோம் சார். இப்ப சரியா இருக்கு."

போட்டிருந்தோமாம்! எந்தத் தப்பைச் செய்ய மாட்டேன் என்று என்னிடம் ஏச்சு வாங்கினாயோ, அதையே உன் தலையிலும் போட்டுக்கொண்டாய். எவள் செய்வாள் இதை? லோன் கிடைத்தது. வீடு இப்போது என் பேரில் இருக்கிறது. உன்னிடம் மன்னிப்பு மட்டும் நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். அன்று நான் சொன்னது அபாண்டம். மன்னித்துவிடு.

இந்த வருஷம் என் கணக்கை நானே போட்டேன். அதைக் கேள்விப்பட்டு, மேட்டுவீட்டுக்காரி நேற்று ஒரு பை நிறைய பில்லோடு வந்தாள். என் வயசுதான், அவளும் ரூம் விடுகிறாள். "எல்லாத்தையும் விவசாயத்துல தள்ளிவிட்ருங்க" என்றாள். முடியாது என்றேன். "நீங்க வீடு வாங்கிட்டீங்க, மத்தவங்க வாங்கக் கூடாது, அதான?" என்று கத்திவிட்டு, பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

சுருக்கென்றது. நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்று உனக்கும் இப்படித்தான் வலித்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைச் சும்மாவா துடைத்தாய்?

நான் வரும்வரை நீ காத்திருந்தாய். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இதை எழுதி முடித்ததும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறப் போகிறேன். "வாடி, சேர்ந்து பாப்போம்" என்று கூப்பிடப் போகிறேன். வையட்டும், வாங்கிக்கொள்கிறேன். உன்னோடு பேசாமல் போன அந்த இரண்டு வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.