கண்ணாடிக் கூட்டில் எட்டு நாள்

செப்டம்பர் 6, ஞாயிறு

கோவிலில் திருப்பலி முடிந்ததும், வர முடியாத நோயாளிகளுக்கு நற்கருணை அப்பத்தைச் சிமிழில் எடுத்துக்கொண்டு போனேன். பட்டியலில் நான்கு வீடு. மூன்று முடிந்தது. நான்காவது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீடு. பூட்டு தொங்கியது. மகள் வந்து கூட்டிப் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சொன்னார். மழையோ மழை. நனைந்த கோழி மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

சாப்பாட்டு மேசையில் அக்காவோடு வழக்கமான சண்டை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டுக்கு வந்து ஆறு வாரம். முறிந்தது இடுப்புதான், வாய் அல்ல. எங்கள் கோவிலை விட்டு அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நற்கருணை அப்பம் ஆண்டவரின் உடலேதான் என்பது எங்கள் விசுவாசம்; வெறும் அடையாளம் என்பது அவர்கள் கட்சி.

"என் நினைவா செய்யுங்கன்னுதான்டா ஆண்டவர் சொன்னாரு. நினைவுன்னா நினைவு. அப்பம்னா அப்பம். இதுல உடல் எங்க வந்துச்சு?"

நான் யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். ஆண்டவர் தன் சதையை உண்ணச் சொன்னதும் கேட்டவர்கள் முணுமுணுத்தார்கள். சீடர்களிலேயே பலர் விட்டுப் போனார்கள். வெறும் அடையாளம் என்றால், 'நில்லுங்கள், நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. போகிறவர்களைப் போகவிட்டார். மிஞ்சிய பன்னிரு சீடரிடமும், நீங்களும் போகிறீர்களா என்றுதான் கேட்டார்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். இந்த முறை நான் ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

என் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். "தரையே சாயுது சார்" என்று திரும்பி வந்தார். நான் இப்படித் தவறுகிறவன் இல்லை.

செப்டம்பர் 10, வியாழன்

கடைக்குக் கிளம்பும்போது அக்கா தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி என் மேசை டிராயரைக் குடைந்துகொண்டிருந்தாள். அதில் முப்பது பழைய கண்ணாடிக் கூடுகளாவது கிடக்கும். ஒரு பழுப்புக் கூட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல என்னடா, கனக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. காலி டப்பா. வை."

பஸ்ஸில் பாதி வழி போன பிறகு உறைத்தது. நற்கருணைச் சிமிழ் உருளக் கூடாதென்று அதை ஒரு பழுப்புக் கண்ணாடிக் கூட்டில் வைத்துத்தான் எடுத்துப் போவேன். கண்ணாடிக் கடைக்காரன் புத்தி. கொண்டு போனது நான்கு அப்பம். கொடுத்தது மூன்று. ஞாயிறே கோவிலுக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்க வேண்டும். நனைந்த பையைக் காயப்போடுகிற அவசரத்தில் எல்லாவற்றையும் டிராயரில் கொட்டியிருக்கிறேன்.

நாலு நாள். நாலு நாளா அங்க இருக்கு. இருக்குன்னு எழுதறேன் பாரு. இருக்கிறார்.

அவர் இருக்கிற டிராயரைக் காட்டி என் வாயாலேயே சொன்னேன் — ஒண்ணுமில்ல.

செப்டம்பர் 11, வெள்ளி

இன்னும் எடுக்கவில்லை. ஏன்? எங்கள் கோவில் பங்குத்தந்தை நோயாளிகள் பட்டியலைப் பிடுங்கிக்கொள்வார் என்ற பயமா? பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்?

தகுதியில்லாமல் உண்பவன் ஆண்டவரின் உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிராகக் குற்றம் செய்கிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். 'வெறும் ரொட்டி என்றால் இவ்வளவு பெரிய குற்றம் எப்படி வரும்?' என்று கரும்பலகையைத் தட்டுவேன். தட்டின கை இப்போது டிராயர்ப் பிடியைத் தொடக் கூசுகிறது.

இன்னொரு பயம். பாலைவனத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னா உணவைக் காலைவரை எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறியது. திறந்தால் என்ன இருக்கும்?

செப்டம்பர் 12, சனி

டிராயர் இருக்கிற அந்த அறைக்குள் போனால்தான் மாற்றுச் சட்டை. நேற்றுப் போட்டதையே மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிப் பட்டியலை வேறொருவரிடம் கொடுத்தேன். திருப்பலியில் நற்கருணை வாங்க வரிசைக்கும் போகவில்லை. இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏன்டா தம்பி பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். 'ஒண்ணுமில்ல' என்றதையும்.

'அடையாளம்தானே, இதுக்குப் போயா' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் பாரம் இறங்கிப்போயிருக்கும். இத்தனை வருடத்தில் அக்கா ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இன்றைக்குத்தான். வெட்கக்கேடு.

அவள் சொல்லவில்லை. டிராயர் இருக்கிற அறைப்பக்கம் திரும்பினாள். பிறகு வேறு எதையோ கேட்டாள்.

"போனவங்கள அவரு திருப்பிக் கூப்பிடல. சரி. நீ ஏன்டா என்னைக் கூப்பிடல?"

அவள் கோவிலை விட்டுப் போன வருடம் நான் அவளுக்கு எழுதிய கடிதங்களில் வசனம் இருந்தது. 'வா' என்ற வார்த்தை ஒன்றில்கூட இல்லை.

செப்டம்பர் 14, திங்கள்

காலையில் பங்குத்தந்தைக்கு போன் செய்தேன். உடனே கொண்டு வரச் சொன்னார். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

டிராயர் திறந்திருந்தது. மேசைமேல் அக்காவின் வெள்ளைக் கைக்குட்டை விரித்து, அதன்மேல் பழுப்புக் கூடு, மூடியபடியே. எதிரே நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். நடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றையாளாக நாற்காலியை எப்படி இழுத்தாளோ. தலையில் முக்காடு.

"என்னக்கா பண்ற?"

"நீ பாட்டுக்குத் தனியா விட்டுட்டுப் போயிட்ட. சும்மா துணைக்கு உக்காந்தேன்."

நான் கூட்டை எடுக்கும்போது சொன்னாள்: "எம்மாவு ஊருக்குப் போன ரெண்டு சீடரும், உயிர்த்த ஆண்டவர்தான் கூட வர்றாருன்னு தெரியாம, வழியெல்லாம் அவர்கிட்ட வேதம்தான் கேட்டுட்டுப் போனாங்க. மனசு கொதிச்சுது. ஆனாலும் அப்பத்தப் பிட்டப்புறம்தான் கூட வந்தது யாருன்னு தெரிஞ்சுது. நாம ரெண்டு பேரும் இன்னும் வழியிலயே சண்ட போட்டுட்டு நிக்கறோம்டா."

கோவிலில் முதலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம். பிறகு பங்குத்தந்தை சிமிழைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தோளைத் தொட்டதும் பார்த்தேன். வெள்ளையாக, முழுதாக, வைத்தபடியே இருந்தது. எனக்கே கொடுத்தார். உண்டேன். அழுதேன்.

இரண்டு ஞாயிறு பட்டியல் கிடையாது என்றார். நியாயம்தான்.

செப்டம்பர் 19, சனி

சொல்லிவிட்டேன். சூப் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு, வசனம் எதுவும் இல்லாமல்: "அக்கா, வந்துடுக்கா."

"சூப்ல உப்பில்ல" என்றாள்.

செப்டம்பர் 20, ஞாயிறு

பட்டியல் இல்லாத ஞாயிறு. கை சும்மா இருப்பது பெரிய பாரம்.

செப்டம்பர் 30, புதன்

அக்கா பங்குத்தந்தையை வரச் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம். வெளியே வந்த அவர் என்னிடம் தண்ணீர் மட்டும் கேட்டார்.

அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. "என்ன பாக்கற? நான் திரும்பி வர்றது உன் யோவான் ஆறுக்காகன்னு நெனச்சுக்காத. நீ அந்த டப்பாவுக்குப் பயந்த பயத்தப் பாத்தேன்ல."

அக்டோபர் 4, ஞாயிறு

பட்டியல் திரும்ப வந்தது. பஸ் டிரைவரும் மகள் வீட்டிலிருந்து திரும்பிவிட்டார். இப்போது ஐந்து வீடு. நான்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஐந்தாவது வீட்டின் சாவி என் பையிலேயே இருந்தது.